சடுகுடுக் களத்தில் ஆளமைவு: காப்பமைப்பு மாறும்போது எழும் வினாக்கள்

ஓர் அணி தன் எல்லைக்குள் புகும் எதிரியை எவ்விடத்தில், எவரைக்கொண்டு, எவ்வகைப் பிடியால் மடக்குவது என முன்னரே வகுத்துக்கொள்ளும் ஒழுங்கைக் காப்பமைப்பு என்போம். அவ்வொழுங்கின் ஒவ்வொரு நிலைக்கும் உரிய ஆளைத் தேர்ந்து நிறுத்துவதை ஆளமைவு என்போம். முன்னதைப் பயிற்றுநர் ஒரே இரவில் தாளில் மாற்றி வரைந்துவிடலாம். பின்னதோ எடையும் உயரமும் பழக்கமும் நட்பும் உடைய மாந்தரால் ஆனது. ஆகவே காப்பமைப்பை மாற்ற முனையும் ஒரு கல்லூரி அணி முதலில் எதிர்கொள்வது ஆட்டநுட்பம் பற்றிய வினாவை அன்று; ஆட்களைப் பற்றிய வினாவையே. அவ்வினாவுக்கு உள்ளுணர்வால் விடை கூறுவதே நம் களங்களின் வழக்கம். அளவாலும் எண்ணாலும் இயற்பியலாலும் விடை கூற முடியும் என்பதையும், அவ்விடையைத் தமிழில் தெளிவாக எழுத முடியும் என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கு.

கடலூர் மாவட்டத்தில் ஸ்ரீமுஷ்ணம் என எழுதப்படும் திருமுட்டத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், விருத்தாசலம் எனப்படும் முதுகுன்றத்தின் களிமண் பரப்பிலும் சடுகுடு, அறுவடை முடிந்த வயலின் ஆட்டமாகவே வளர்ந்தது. அங்குப் பாடிப் பழகிய இளைஞர் முதுகுன்றத்துத் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்கோ தில்லையின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கோ செல்லும்போது, அதுவரை பெயரின்றிச் செய்துவந்த வேலைக்குக் கார்னர், இன், கவர், சென்டர் என்னும் பெயர்களைக் கற்கின்றனர். இவர்களை முறையே மூலையர், உள்ளணியர், அரணர், நடுவணர் என இங்குக் குறிப்போம். எதிரியின் களத்துள் பாடிச் செல்பவர் பாடுநர். அவரை மடக்க நிற்கும் எழுவரும் காவலர். இடக்கோடியிலிருந்து எண்ணினால் இடமூலையர், இடவுள்ளணியர், இடவரணர், நடுவணர், வலவரணர், வலவுள்ளணியர், வலமூலையர் என்பது எழுவரின் வரிசை. பெரும்பாலான அணிகளில் இரு மூலையரும் இரு அரணரும் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். எஞ்சிய மூவரும் பாடுதலை முதன்மையாகக் கொண்டு, பிடியின்போது துணை நிற்பவர்கள்.

களத்தின் அளவுகளை அறியாமல் ஆட்களை எடைபோட இயலாது. ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோட்டால் இரண்டாகப் பகுக்கப்படுவதால் ஓர் அணிக்கு உரிய ஆழம் 6.5 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாடுநர் கடந்தே தீரவேண்டிய கோடு உள்ளது. இதனைக் கடப்புக்கோடு என்போம். அதற்கு அப்பால் 1 மீட்டரில் மிகைப்புள்ளிக் கோடு. அக்கோட்டுக்கும் கடைக்கோட்டுக்கும் இடையே எஞ்சுவது 1.75 மீட்டர் மட்டுமே. இரு ஓரங்களிலும் 1 மீட்டர் அகலமுள்ள ஓரவெளிகள் உள்ளன. பாடுநரும் காவலரும் ஒருவரையொருவர் தொட்ட பின்னரே அவை களத்தின் உறுப்பாகும். இனி இவ்வளவுகளை நேரமாக மாற்றுவோம். நொடிக்கு 5 மீட்டர் விரைவில் மீளும் பாடுநர் கடப்புக்கோட்டிலிருந்து நடுக்கோட்டை அடைய முக்கால் நொடி போதும். கண்ணால் கண்டதற்கு உடல் எழ ஏறத்தாழ 0.2 நொடி ஆகும் என்பதால், பிடிப்பதற்குக் காவலருக்கு மெய்யாகவே கிடைப்பது 0.55 நொடி. சடுகுடுவின் காப்பமைப்புகள் அனைத்தும் இந்த அரை நொடியை எவருக்குக் கொடுப்பது என்பதில்தான் வேறுபடுகின்றன.

அவ்வேறுபாட்டின்படி காப்பமைப்புகளை இரண்டாகப் பகுக்கலாம். மூலையர் முதலில் பிடியைத் தொடங்க, அரணர் பின்வந்து மூடுவது மூலைமுதல் அமைப்பு. அரணர் முதலில் மோதியோ மறித்தோ தொடங்க, மூலையர் பின்வந்து காலைக் கட்டுவது அரண்முதல் அமைப்பு. களத்தில் இவை கலந்தே வரும் என்பது உண்மை. எனினும், எவர் அசைவைக் கண்டு மற்றவர் அசைவர் என்னும் வினாவுக்கு ஓர் அணிக்கு ஒரே விடைதான் இருக்க முடியும். இரண்டு விடை உள்ள அணியில் இருவர் ஒரே பொழுதில் பாய்ந்து, இருவருக்கும் நடுவே பாடுநர் வெளியேறுவார்.

மூலைமுதல் அமைப்பின் உயிர் கணுக்கால் பிடி. ஓடும் உடலின் நிறைநடுவம் இடுப்பளவில் உள்ளது. நிலத்தோடு ஒட்டிய கணுக்காலை நிறுத்தினால், மேலுள்ள உடல் தன் விரைவோடு முன்சென்று, நிறுத்தப்பட்ட காலை அச்சாகக் கொண்டு கவிழும். பிடித்தவர் எதிரியின் முழு உந்தத்தையும் தாங்க வேண்டியதில்லை; எதிரியின் உந்தமே எதிரியை வீழ்த்துகிறது. ஆகவே எடை குறைந்தவரும் இப்பிடியில் வெல்லலாம். ஆனால் வீழ்பவர் நடுக்கோட்டை நோக்கியே வீழ்கிறார் என்பதில் ஒரு வரம்பு மறைந்திருக்கிறது. 1.75 மீட்டர் உயரமுள்ள ஒருவர் கையை நீட்டினால் கணுக்காலிலிருந்து விரல்நுனி வரை ஏறத்தாழ 2.2 மீட்டர் எட்டும். நடுக்கோட்டிலிருந்து 2.2 மீட்டருக்குள் கணுக்காலைப் பிடித்தால் அவர் வீழ்ந்தபடியே கோட்டைத் தொட்டுவிடுவார். மிகைப்புள்ளிக் கோட்டில் பிடித்தால் விரலுக்கும் கோட்டுக்கும் இடையே 2.5 மீட்டருக்கு மேல் எஞ்சும். பாடுநரை ஆழத்துக்கு வரவிட்டுப் பிடிப்பவர் தயங்குகிறார் என்று பார்ப்போர் நினைப்பதுண்டு. அவர் இக்கணக்கைத் தசையால் செய்துகொண்டிருக்கிறார்.

அரண்முதல் அமைப்பின் உயிர் மோதித் தள்ளல். இங்குப் பாடுநரை நிறுத்துவது நோக்கமன்று. அவரைக் களத்தின் ஓரத்துக்கு வெளியே கொண்டுசெல்வதே நோக்கம். எடுத்துக்காட்டாக, 70 கிலோ நிறையுள்ள பாடுநர் நொடிக்கு 5 மீட்டர் விரைவில் நடுக்கோடு நோக்கி ஓட, 80 கிலோ நிறையுள்ள அரணர் நொடிக்கு 4 மீட்டர் விரைவில் அவர்மேல் செங்குத்தாக மோதி இருவரும் ஒன்றாகச் செல்வதாகக் கொள்வோம். முன்னோக்கிய உந்தம் 350. ஓரம் நோக்கிய உந்தம் 320. மோதலுக்குப் பின் இருவர் செல்லும் பாதையின் சாய்வை இவ்விரண்டின் விகிதமே உறுதி செய்கிறது. மோதல் கடப்புக்கோட்டில் நிகழ்ந்தால், 3.75 மீட்டர் முன்செல்வதற்குள் அவர்கள் ஓரம் நோக்கி 3.43 மீட்டர் சென்றிருப்பர். பாடுநர் ஓரக்கோட்டிலிருந்து அத்தொலைவுக்குள் ஓடினால் வெளியே தள்ளப்படுவார். அதற்கு அப்பால் ஓடினால் தப்புவார். மோதிய பின் இருவரும் காலை ஊன்றித் தள்ளுவதை இக்கணக்கு விட்டுவிடுகிறது. ஆயினும் ஆளமைவுக்குத் தேவையான உண்மை இதிலேயே வெளிப்படுகிறது. அதே விரைவில் 65 கிலோ அரணர் மோதினால் ஓரம் நோக்கிய உந்தம் 260 ஆகவும், அவர் காக்கும் அகலம் 2.79 மீட்டராகவும் குறையும். பதினைந்து கிலோ குறைந்ததற்கு அணி கொடுக்கும் விலை 64 சென்டிமீட்டர் அகலம். ஒரு பாடுநரின் உடல் முழுதும் நுழைந்து செல்ல அவ்வளவு இடைவெளி போதும்.

இவ்விரு கணக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நோக்கினால், காப்பமைப்பு மாறும்போது ஆட்களின் மதிப்பும் மாறிவிடுவது விளங்கும். மூலைமுதல் அமைப்பில் தாழ்ந்த இடுப்பும் நீண்ட கையும் காத்திருக்கும் உள்ளமும் உடைய மெலிந்த இளைஞர் விலைமதிப்பற்றவர். அரண்முதல் அமைப்பில் அவரே துணைக்காவலர் ஆகிறார். நேற்றுவரை மாற்றாளர் இருக்கையில் அமர்ந்திருந்த கனத்த உடலினர், முதல் இரண்டு அடிகளை விரைவாக எடுத்துவைக்க வல்லவராயின், அணியின் தூணாகிறார். அவர் திறன் வளர்ந்துவிடவில்லை. அவரை அளக்கும் அளவுகோல் மாறிவிட்டது. ஆகவே அணியின் மிகச் சிறந்த மூலையரை அரணராக்கினால் மிகச் சிறந்த அரணர் கிடைப்பார் என்னும் எண்ணம் பிழையானது என நான் உறுதியாகக் கூறுவேன். கல்லூரி அணிகளில் மிகுதியாக நிகழும் பிழையும் இதுவே.

அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் கால்பந்திலும் இதே வினா எழுகிறது. அங்குப் பதினொருவரில் நால்வர் முன்வரிசையில் கையூன்றி நிற்க, மூவர் பின்னே நிற்கும் அமைப்பிலிருந்து, மூவர் முன்னும் நால்வர் பின்னும் நிற்கும் அமைப்புக்கு அணிகள் மாறுவதுண்டு. அப்போது முன்வரிசையின் கோடியில் கையூன்றிப் பாய்ந்துவந்தவர் நிமிர்ந்து நின்று பின்னோக்கி ஓடவும் கற்க வேண்டும். குறைந்துவிட்ட முன்வரிசையின் நடுவே இருவரைத் தனியே தாங்கவல்ல பேருடலினர் ஒருவரைத் தேடிக் கண்டடைய வேண்டும். அத்தகையவர் இல்லாத அணி வரைந்த அமைப்பு தாளிலேயே நின்றுவிடும். ஆட்டம் வேறு, நெறி ஒன்று.

மூலைமுதல் அமைப்பின் ஆற்றலை உலகுக்குக் காட்டியவர்கள் ஈரானியர். 2018 ஆம் ஆண்டு சகார்த்தா ஆசிய விளையாட்டுகளின் அரையிறுதியில் அவர்கள் இந்தியாவை 27–18 என வென்று, பின்னர்த் தங்கமும் பெற்றனர். பாடுவோர் நிறைந்த இந்திய அணியைப் பதினெட்டுப் புள்ளிகளில் நிறுத்தியது அவர்களின் பிடி. இடமூலையில் நின்ற பாசல் அத்ராச்சலி அக்காப்பின் கடையாணி. தஞ்சை மாவட்டத்துத் தருமராசு சேரலாதன் நாற்பது அகவையைக் கடந்த பின்னும் காவலராக நின்று, 2016 ஆம் ஆண்டு புரோ கபடித் தொடர் ஒன்றில் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்று வாகை சூடினார். தொலைவை அளக்கும் கண்ணும் பொறுத்திருக்கும் உள்ளமும் கால்விரைவைவிட நெடிது வாழ்கின்றன என்பதற்கு அவர் சான்று. கல்லூரி அணியில் அகவை வேறுபாடு சிறிது. பட்டறிவு வேறுபாடோ பெரிது. விரைவு குறைந்த மூன்றாமாண்டு மாணவரை அணியிலிருந்து நீக்குமுன், அவர் எந்நிலையில் நின்று அளக்கப்பட்டார் என்று பயிற்றுநர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிலத்தின் இயல்பையும் இங்கு எண்ண வேண்டும். களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத தட்டையான துகள்களின் அடுக்கு. உலர்ந்தபோது அவை ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். முதுகுன்றத்துப் பீங்கான் தொழில் வாழ்வது களிமண்ணின் இவ்வியல்பால்தான். அதே இயல்பு சடுகுடுக் காவலரின் காலடியை ஆள்கிறது. மழைக்குப் பின் நனைந்த மண்களத்தில் சட்டென்று அடியெடுத்து மோத இயலாது. அரணர் எழும் முன்னரே கால் வழுக்கும். இறுகி உலர்ந்த களத்தில் கால் நன்கு ஊன்றும். ஆனால் கணுக்காலுக்காகப் பாயும் மூலையரின் முழங்கையும் இடுப்பும் தோல் உரியும். இன்றைய பெரும்போட்டிகள் நடைபெறும் மெத்துவிரிப்பில் காலணி அணிந்த கால் எப்போதும் ஒரே அளவில் பற்றும். வீழ்ந்தாலும் உடல் புண்படாது. ஆகவே விரிப்பு அரணரின் முதலடிக்கும் மூலையரின் பாய்ச்சலுக்கும் ஒருங்கே துணைசெய்கிறது. மண்ணில் பயின்று விரிப்பில் போட்டியிடும் அணி தன் அரணரை மண்களத்தில் மட்டும் கண்டு தேர்ந்தால், வழுக்கும் நிலத்தில் மெல்லச் செல்லப் பழகியவரையே தேர்ந்துவிடக் கூடும். மேற்கண்ட மோதல் கணக்கில் பாதையின் சாய்வு உந்த விகிதத்தைச் சார்ந்ததேயன்றி உராய்வைச் சார்ந்ததன்று. ஆனால் மோதும் விரைவை எட்டுவது முற்றிலும் உராய்வின் கையில் உள்ளது.

உள்ளணியர் பற்றிய வினா இவற்றினும் நுண்ணியது. மூலைமுதல் அமைப்பில் உள்ளணியர் மூலையரின் கையைப் பற்றி நின்று, பிடி விழுந்த பின் மேலே விழுந்து மூடினால் போதும். அரண்முதல் அமைப்பில் அரணர் தம் இடத்தை விட்டு வெளியே பாய்வதால், அவர் விட்டுச்சென்ற வாயிலை உள்ளணியரே அடைக்க வேண்டும். பாடுவதையே தொழிலாகக் கொண்டவர் இதற்கு உரியவரா? இல்லையெனில், பாடவும் பிடிக்கவும் வல்ல இருதிறனர் ஒருவரை அங்கு நிறுத்தி, ஒரு பாடுநரை இழக்க அணி ஒப்புமா? காப்பை மாற்றுவோர் தாக்குதலின் விலையையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இவ்வினாக்களையெல்லாம் ஒருங்கே எடுத்துக்கொண்டால் எத்தனை விடைகள் உள்ளன? பன்னிருவர் கொண்ட அணியிலிருந்து எழுவரைத் தேர்ந்தெடுக்க 792 வழிகள். அவ்வெழுவரை ஏழு நிலைகளில் நிறுத்த 5,040 வழிகள். இரண்டையும் பெருக்க, 39,91,680 ஆளமைவுகள். ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வொரு நிலையிலும் ஒரு மதிப்பெண் இட்டு, மொத்தம் மிகுதியாகும் ஆளமைவைக் கண்டறிவதைப் பணியொதுக்கீட்டுச் சிக்கல் என்பர். இத்தனை இலக்கம் வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்காமலே சிறந்ததைக் கண்டடையும் வழியை 1955 இல் அரோல்டு கூன் வெளியிட்டார். அங்கேரியக் கணக்கறிஞர் கோனிக்கு, எகர்வாரி இருவரின் உழைப்பின்மேல் அது எழுந்ததால் அங்கேரிய முறை எனப் பெயரிட்டார். தாளும் எழுதுகோலும் உள்ள எந்தப் பயிற்றுநரும் அதனைக் கற்றுச் செய்யலாம்.

ஆனால் அம்முறை ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது: ஒருவரின் மதிப்பு அவர் நிற்கும் நிலையைச் சார்ந்தது, அருகில் நிற்பவரைச் சார்ந்ததன்று என்பதே அது. சடுகுடுக் காவலில் இது பொருந்தாது. காவலின் அலகு தனியாள் அன்று, இணை. கைகோத்து நிற்கும் இருவரில் ஒருவர் எப்போது கையை விடுவார் என்பதை மற்றவர் பார்க்காமலே அறிந்திருந்தால்தான் அந்த 0.55 நொடி பயன்படும். இணைகளின் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிடும் இருபடிப் பணியொதுக்கீட்டை 1957 இல் கூப்மன்சும் பெக்மனும் முன்வைத்தனர். நிலைகள் பெருகப் பெருக அதற்கு விரைந்து விடை காணும் பொதுவழி எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஏழு நிலைகள் மட்டுமே உள்ள களத்திலோ ஒரு பொதுநெறியைக் கையாலேயே காணலாம்.

எழுவர் வரிசையில் அண்டை இணைகள் ஆறு. இவற்றைப் பிணைப்புகள் என்போம். ஆளமைவு மாற்றத்தின் விலையை, அறுபடும் பிணைப்புகளின் எண்ணிக்கையாலும் வேலை மாறும் ஆட்களின் எண்ணிக்கையாலும் அளப்போம். இடமூலையரை வலவரணராக்கி, வலவரணரை இடமூலைக்கு அனுப்பினால் வேலை மாறுவோர் இருவர். அறுபடும் பிணைப்புகள் மூன்று. ஆறில் பாதி போயிற்று. இடமூலையரை எடுத்து இடவரணருக்கும் நடுவணருக்கும் இடையே செருகி, மற்ற இருவரையும் கோடி நோக்கி ஒருபடி நகர்த்தினால் அறுபடுபவை இரண்டே. ஆனால் மூவர் வேலை மாறுகின்றனர். இடமூலையரும் இடவரணரும் நடுவிலுள்ள உள்ளணியரை அசைக்காமல் தம்முள் இடம் மாறினால், வேலை மாறுவோர் இருவர், அறுபடுவது ஒரே பிணைப்பு. உள்ளணியரின் இருபுறமும் அவருக்குப் பழகியவர்களே நிற்கின்றனர். இடக்கையால் பற்றியவரை இனி வலக்கையால் பற்ற வேண்டும் என்பது மட்டுமே அவர் கற்கவேண்டியது. இந்த எளிய எண்ணிக்கையைக் கண்டபோது நான் வியந்தேன். காப்பமைப்பு மாற்றத்தில் அணிகள் மிகவும் வேண்டுவது மூலையர்–அரணர் மாற்றத்தையே. ஒரே புறத்துக்குள் செய்யும்வரை அது மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது.

பிணைப்பின் மதிப்புக்குத் தமிழ் தலைவாசு அணி ஓர் எடுத்துக்காட்டு. 2022 ஆம் ஆண்டுப் புரோ கபடித் தொடரின் தன் முதல் ஆட்டத்திலேயே அவ்வணி தன் பெரும்பாடுநர் பவன் செராவத்தை முழங்கால் ஊறால் இழந்தது. தொடரின் இடையே பயிற்றுநரும் மாறினார். எனினும் முந்தைய தொடரிலேயே ஒன்றாக ஆடிய சாகர், சாகில், மோகித்து, அபிசேக்கு என்னும் இளங்காவலர்கள் உடன் இருந்தனர். அத்தொடரில்தான் அவ்வணி முதன்முறையாக அரையிறுதியை எட்டியது. நரேந்தர் என்னும் இளம்பாடுநரின் எழுச்சி அதற்குப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. அவர் எழுவதற்கு வேண்டிய பொறுதியைத் தந்தது அறுபடாத அக்காப்பு என்பது என் கருத்து.

கல்லூரிக்கு மட்டும் உரிய இடர் ஒன்று உண்டு. இளநிலைப் படிப்பு மூன்றாண்டு என்பதால் ஆண்டுதோறும் அணியின் ஏறத்தாழ மூன்றில் ஒருபங்கு வெளியேறும். புதிய பிணைப்பு உறுதிப்பட ஓராண்டு ஆகும் எனக் கொண்டால், மூன்றாமாண்டு மாணவர் இருவரைப் புதிய இணையாக்குவது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும். இணையில் ஒருவரேனும் முதலாண்டிலோ இரண்டாமாண்டிலோ இருத்தல் வேண்டும்.

இதுவரை எழுவரும் களத்தில் நிற்பதாகவே எண்ணினோம். ஆட்டத்தில் அவ்வாறு நிற்கும் நேரம் சிறிது. வெளியேறியவர்கள் வெளியேறிய ஒழுங்கிலேயே மீள்வதால், எவர் எஞ்சுவர் என்பது பயிற்றுநர் கையில் இல்லை. எழுவரிலிருந்து எஞ்சக்கூடிய கூட்டங்கள் ஒருவர் முதல் எழுவர் வரை மொத்தம் 127. மூவரோ அதற்குக் குறைந்தோரோ நின்று பிடித்தால் ஒரு புள்ளி மிகுதியாகக் கிடைக்கும் மீப்பிடி நெறி இருப்பதால், மூவரணிகள் தனிக்கவனத்துக்கு உரியவை. அவை 35. இரு மூலையரும் எஞ்சுபவை 5. ஒருவர் மட்டும் எஞ்சுபவை 20. மூலையர் எவரும் இல்லாதவை 10. மூலைமுதல் அமைப்பில் பழகிய அணிக்கு அப்பத்தும் தலையிழந்த நிலைகள். அரண்முதல் அமைப்புக்கு மாறும் அணிக்கோ அப்பத்தில் மூன்று, இரு அரணரும் எஞ்சிய வலிய நிலைகள். அவற்றில் மூன்றாமவராக நிற்பவர் நடுவணரோ உள்ளணியரில் ஒருவரோ ஆவார். மோதப்பட்ட பாடுநரின் காலைக் கட்ட மூலைக்கு நகரவேண்டியவர் அவரே. பாடுவதற்கென்றே அணிக்கு வந்த அம்மூவருக்கும் கணுக்கால் பிடியைக் கற்பிப்பதைத்தான் மாற்றத்தின் முதற்பாடமாக வைக்க வேண்டும்.